பத்தாவது ஆளு

"கோயில்ல எனக்கு என்ன வேல இருக்கு சொல்லும்மா, வரேன்." பதினாலு வயசு பொண்ணு, பாவாட தாவணியெல்லாம் இஸ்திரி போட்டு எடுத்து வச்சிட்டு கூப்பிட்டா இப்படி கேக்குறா. அவ எதிர்த்துப் பேசியிருந்தா கூட நான் திட்டிட்டுப் போயிருப்பேன், ஆனா நெஜமாவே தெரிஞ்சுக்கணும்னு தான் கேட்டா, எனக்கு பதில் வரல, சுருக்குன்னு ஆயிடுச்சு.

அந்த வாரத்துலயே தான் பக்கத்து வீட்டு விஷயமும் நடந்துச்சு. நாங்க இருக்கறது நியூ ஜெர்சில ஹைலண்ட் பார்க், ராரிட்டன் ஆத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் ரட்கர்ஸ் யூனிவர்சிட்டி. யூதக் குடும்பங்க நிறைய இருக்கற ஊரு, பக்கத்து வீடும் அவங்க தான். சாயங்காலம் அவங்க பையன் வீட்டு முன்னாடி பாஸ்கெட்பால் ஆடிட்டு இருந்தான், ஒரு போன் வந்துச்சு, பந்த புல்லுல போட்டுட்டு சைக்கிள எடுத்துட்டு பறந்துட்டான். என்னமோ ஏதோன்னு பதறிப்போய் அவங்கம்மாட்ட கேட்டேன். சினகாக்ல, அதாவது அவங்க கோயில்ல, ஒம்போது பேரு தான் சேர்ந்திருக்காங்க, ஒரு தாத்தாவுக்கு அன்னைக்கு அவங்கம்மா திவசம், பத்து பேரு இல்லன்னா அவரால காடிஷ்ங்கற பிரார்த்தனைய சொல்ல முடியாது, அதான் இவன் ஓடுறான்னாங்க.

திவசம்னு நான் சொல்றேன், அவங்க யார்ட்சைட்ங்கறாங்க, அதுவும் நம்ம திதி மாதிரியே அவங்க பஞ்சாங்கத்துப்படி தான் வரும். அந்தப் பத்து பேரு கணக்குக்குப் பேரு மின்யான். பதிமூணு வயசு முடிஞ்சா பையன் அதுல ஒரு முழு ஆளு. பழைய வழக்கம் பாக்கற ஆர்த்தடாக்ஸ்ல ஆம்பளைங்க மட்டும் தான், இவங்க போறது கன்சர்வேடிவ் பிரிவு, அங்க 1973-ல பொம்பளைங்களயும் கணக்குல சேத்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டாங்களாம், அதனால காலேஜுக்குப் போயிருக்கற அவங்க பொண்ணும் வீட்டுல இருந்தப்போ இப்படித்தான் ஓடியிருக்கா. எண்பது வயசு பெரியவர் தன் அம்மாவுக்காக வேண்டிக்கறதுக்கு எட்டாங் கிளாஸ் பையன் வந்து நிக்கணும். அன்னைக்கு ராத்திரி பூரா இதே தான் மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்துச்சு.

அந்தப் பையனோட பார் மிட்ஸ்வாவுக்கு, அதான் அந்தப் பதிமூணு வயசு சடங்குக்கு, நாங்க போயிருந்தோம். அவங்க வேதமான தோராவ எழுதி வச்சிருக்கற சுருள்ல உயிர்க்குறி கிடையாது, ராகக்குறியும் கிடையாது, வெறும் மெய்யெழுத்து தான், அத மாசக்கணக்கா பயிற்சி பண்ணி, வெள்ளிக் குச்சியால வரி தொட்டுத் தொட்டு, அத்தன பேரு முன்னாடி பாடி முடிச்சான். முடிச்சதும் எல்லாரும் அவன் மேல மிட்டாய அள்ளி எறிஞ்சாங்க பாருங்க! குட்டிப் பசங்க பாய்ஞ்சு பாய்ஞ்சு பொறுக்குதுங்க, எனக்கு சிரிப்பு தாங்கல.

இந்த ஊரு எனக்கு நல்லாவே பழகிடுச்சுங்க. பனி தள்ளத் தெரியும், எடிசன் ஓக் ட்ரீ ரோட்டுல போனா கறிவேப்பில வரைக்கும் எல்லாம் கெடைக்குது, ஊரு நெனப்பே வரதில்லன்னு அக்காட்ட கூட சொல்லியிருந்தேன். ஆனா அந்த மிட்டாய் பறந்தப்போ நான் இருந்தது மன்னார்குடில. பங்குனி வெண்ணெய்த்தாழி அன்னைக்கு கோபாலன் குடத்தோட பல்லக்குல வருவான், தெருவே வெண்ணெய வாங்கி அவன் மேல வீசும், நீர்மோர்ப் பந்தல்ல எங்கண்ணன் குடம் குடமா தண்ணி தூக்குவான், அவன் சேக்காளிங்க தீவட்டி பிடிப்பாங்க, எல்லாம் மீசை அரும்பாத பசங்க. மார்கழில நான் ஒரு நாள் திருப்பாவைக்குப் போகலன்னா மறுநாள் பட்டர் மாமா "நேத்து ஏம்மா வரல"ன்னு கேப்பாரு. அந்தக் கேள்விக்கு பயந்தே நாலரை மணிக்கு எழுந்திரிச்சிடுவேன் (பொங்கலும் ஒரு காரணம் தான், வேணாம்னு சொல்ல மாட்டேன்).

பக்கத்து வீட்டம்மாவுக்கும் கவல இல்லாம இல்ல. பார் மிட்ஸ்வா முடிஞ்சதும் நிறைய பசங்க சினகாக் பக்கமே வரதில்ல, எல்லா ஊர்லயும் இதே தலைவலி தான்னு சொன்னாங்க. ஆனா அவங்க சும்மா உக்காந்து புலம்பல. பெரிய பசங்கள ஞாயித்துக்கிழம பள்ளியில சின்னப் பசங்களுக்கு சொல்லிக்குடுக்க விடறாங்க. யூஎஸ்ஒய்னு 1951-ல ஆரம்பிச்ச இளைஞர் அமைப்பு இருக்கு, அதுல தலைவர், பொருளாளர் எல்லாம் பசங்களே, ஓட்டு போட்டு தேர்ந்தெடுக்கறாங்க. கோடையில ராமான்னு அவங்க பிரிவோட கேம்ப். காலேஜ் போன பசங்களுக்கு பரீட்சை நேரத்துல தின்பண்டம் பார்சல் போகுது, லீவுக்கு வந்தா தோரா படிக்கக் கூப்பிடறாங்க. காலேஜ்லயும் ஹில்லெல்னு யூத மாணவர் அமைப்பு இருக்கு, 1923-ல இல்லினாய் யூனிவர்சிட்டில ஆரம்பிச்சது, இப்ப ரட்கர்ஸ்ல பெரிய கட்டடமே இருக்கு, வெள்ளிக்கிழம ராத்திரி ஹல்லா ரொட்டியோட சாப்பாடு. எனக்கு இதுல எல்லாம் பெருசாத் தெரிஞ்சது சாப்பாடோ கேம்போ இல்ல, அந்தப் பையன் வரலன்னா போன் வருது, அது தான்.

நம்ம கோயில்ல எம்பொண்ணு போனா என்ன பண்றா? செருப்ப கழட்டறா, கும்பிடறா, கேன்டீன்ல தோச சாப்பிடறா, வரா. கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி மாதிரி நடத்தறோம் நம்ம புள்ளைங்கள. அவ வராட்டி யாருக்கும் எதுவும் நிக்கப் போறதில்ல, அது அவளுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு. பண்பாடு, கலாச்சாரம்னு மேடையில பேசறதெல்லாம் அந்த வயசுக்கு காதுல ஏறாது, "நீ இல்லாம முடியாது, சீக்கிரம் வா"ன்னா ஏறும். இத நான் உறுதியாவே நம்பறேன்.

அதனால நாங்க நாலஞ்சு அம்மாக்கள் சேர்ந்து கோயில் கமிட்டில கேட்டிருக்கோம். மார்கழியில முப்பது பாசுரத்தையும் பசங்களுக்கு ஆளுக்கு ஒண்ணா பிரிச்சுக் குடுங்க, அந்த நாள் அந்தப் பையனோ பொண்ணோ பாடினா தான் பூஜ மேல நடக்கும்னு வைங்க. சனிக்கிழம அன்னதானக் கணக்கு, காய்கறி வாங்கறது எல்லாம் ஹைஸ்கூல் பசங்க கையில விடுங்க. வெளியூர் காலேஜ்ல இருக்கறதுங்களுக்கு பரீட்சை சமயத்துல முறுக்கு, அதிரசம் பார்சல் அனுப்பலாம், நாங்களே சுட்டுத் தரோம். கமிட்டில இருபது வயசுக்குக் கீழ ரெண்டு பேரு வேணும், ஓட்டோட.

முறுக்குக்கு உடனே சரின்னுட்டாங்க. பாசுரத்துக்கு அர்ச்சகரே ரொம்ப சந்தோஷப்பட்டாரு. ஓட்டுக்கு மட்டும் "பாக்கலாம்". எனக்கு அது போதாது, அடுத்த கூட்டத்துலயும் கேக்கத்தான் போறேன், இந்தத் தடவ பசங்களயும் கூட்டிட்டுப் போய் அவங்கள விட்டே கேக்க வைக்கணும்னு இருக்கேன்.