ஒரே தடவைதான் ஒலிக்கும்

சீனாவின் கல்லூரி நுழைவுத் தேர்வான காவ்காவில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண், பல மாகாணங்களில் அதில் 30 காதால் கேட்டுப் பதில் சொல்வதற்கே. முதல் ஐந்து குட்டி உரையாடல்கள் ஒரே தடவைதான் ஒலிக்கும், தும்மினால் போச்சு. அந்த நேரத்தில் மையத்தைச் சுற்றி ஹாரன்கூட அடிக்கக்கூடாது என்பார்கள்.

பயிற்சி ஒலிப்பதிவுகளில் சலிக்காமல் வரும் தலைப்பு எதிர்காலக் கனவு. ஒரு பெண், சின்ன வயசில் டாக்டராக ஆசை, அப்புறம் பாடகி, இப்போ டீச்சர் ஆகப்போகிறேன் என்பாள். சரி, அவள் என்ன ஆகப்போகிறாள்? மூன்று வேலையும் விடைகளில் இருக்கும், முதலில் காதில் விழுந்ததைக் குறித்தவன் மாட்டினான். பொறி நல்ல பொறிதான். ஆனால் கேட்கிற பிள்ளைக்கு என்ன ஆசை என்று அந்த முப்பது மதிப்பெண்ணில் யாரும் கேட்பதில்லை, எல்லாமே மூன்றில் ஒன்றைக் குறிப்பதுதான்.