லூப்பைத் துண்டு போடும் வேலை

ப்ராசஸரில் எட்டு கோர் இருக்கிறதே, லூப்பை (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கோட்) எட்டாக வெட்டி, ஒரே நேரத்தில் ஓடும் எட்டு த்ரெட்டிடம் கொடுத்தால் போதாதா என்று டீமுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே அளவு வேலை என்றால் போதும்தான். நாங்கள் எழுதுவது இமேஜ் ப்ராசஸிங் கோட். மேல் பாதி வெறும் வானம், கீழ்ப் பாதி முழுக்க விவரம் என்று ஒரு படம் வரும். வானம் கிடைத்த த்ரெட்டுகள் சீக்கிரம் முடித்துவிட்டுச் சும்மா நிற்கும், மற்றவை மாய்ந்துகொண்டிருக்கும்.

இன்டெல் 2006-ல் வெளியிட்ட டிபிபி (த்ரெடிங் பில்டிங் பிளாக்ஸ், இப்போது ஒன்டிபிபி) லைப்ரரிக்கு நாங்கள் போனது இதற்காகத்தான். அதன் பேரலல் ஃபார், ரேஞ்சை, அதாவது லூப்பின் மொத்தச் சுற்றுகளை, பாதி பாதியாக உடைத்துக்கொண்டே போகும். ஒவ்வொரு துண்டும் ஒரு டாஸ்க். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி வரிசை. தன் வரிசையில் கடைசியாகச் சேர்ந்த டாஸ்க்கை எடுக்கும், ஏனென்றால் அதன் டேட்டா இன்னும் கேஷில் (கோருக்குப் பக்கத்திலேயே இருக்கும் வேகமான மெமரி) சூடாக இருக்கும். கையில் வேலை தீர்ந்தால் இன்னொருவரின் வரிசையில் மிகப் பழைய டாஸ்க்கைத் திருடும். பழையது என்றால் பெரும்பாலும் பெரிய துண்டு. ஒரு தடவை திருடினால் கொஞ்ச நேரத்துக்குத் தாங்கும். எம்ஐடியில் 90-களில் உருவான சில்க் மொழி பிரபலமாக்கிய உத்தி இது.

துண்டு எவ்வளவு சின்னதாகலாம்? ஒரு துண்டுக்குக் குறைந்தது ஒரு லட்சம் க்ளாக் சைக்கிளாவது வேலை இருக்கட்டும் என்கிறது டிபிபி கையேடு. 3 கிகாஹெர்ட்ஸில் அது சுமார் 33 மைக்ரோசெகண்ட். பிக்சலுக்கு ஒரு டாஸ்க் போட்டால் பிக்சலின் கணக்கைவிட டாஸ்க்குகளை நிர்வகிக்கும் கங்காணி வேலைக்கே செலவு அதிகம்.

எங்களை அதிகம் விவாதிக்க வைத்தது வேகம் அல்ல, விடை. படத்தின் சராசரி வெளிச்சத்தைக் கணக்கிடும் டெஸ்ட் ஒரு ரன்னில் பாஸ், அடுத்த ரன்னில் ஃபெயில். கோடில் ரேஸ் (த்ரெட்டுகள் ஒரே டேட்டாவில் மோதிக்கொள்வது) எதுவும் இல்லை. ஃப்ளோட் (தசம எண்) கூட்டலில் வரிசை மாறினால் ரவுண்டிங் மாறும், கடைசி இலக்கங்கள் ஆடும். துண்டுகளின் விடைகளை ஒன்றாகச் சேர்க்கும் பேரலல் ரெட்யூஸில் எந்தத் துண்டு எதோடு எப்போது சேரும் என்பது யார் எதைத் திருடினார் என்பதைப் பொறுத்தது. டெஸ்ட்டில் கொஞ்சம் டாலரன்ஸ் (சின்ன வித்தியாசத்துக்கு இடம்) விடலாம் என்றது ஒரு கட்சி. உள்ளுக்குள் மட்டும் உலவும் எண் என்றால் எனக்கும் ஆட்சேபம் இல்லை. வாடிக்கையாளர் ரிப்போர்ட்டில் ஒரே படத்துக்கு இரண்டு எண் வந்தால் என்ன பதில் சொல்வது? அந்த இடத்தில் மட்டும் டிட்டர்மினிஸ்டிக் ரெட்யூஸ் வைத்தோம். துண்டு போடுவதும் சேர்ப்பதும் எப்போதும் ஒரே மாதிரி நடக்கும். ஒரே த்ரெட்டில் ஓடும் சீரியல் லூப்பின் விடையோடு கடைசி இலக்கம் வரை பொருந்தாது, ஆனால் தன்னோடு தான் பொருந்தும்.

இதற்கும் விலை உண்டு. துண்டின் அளவை நாமே நிர்ணயிக்க வேண்டும், அதை மாற்றினால் விடையும் மாறும். அதனால் அந்த எண் கோடில் ஒரு கான்ஸ்டன்டாக இருக்கிறது, “வேகத்துக்காக இதைத் தொடாதீர்கள்” என்ற கமென்ட்டோடு. புது மெஷின் வரும்போதெல்லாம் யாராவது அதைத் தொட்டு, மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி ஒரு புல் ரிக்வெஸ்ட் அனுப்புகிறார்கள்.