எலும்பு லேப்ல வண்டுங்களோட வேலை பாக்குறது

மியூசியத்துல எலும்புக்கூடு தயார் பண்ற பிரிவுல இருக்கேன்னு சொன்னா எல்லாரும் மொதல்ல கேக்குறது நாத்தத்த பத்திதான். நாத்தம் இருக்கு, பழகிரும். எனக்கு பேசணும்னு ஆசையா இருக்குறது டெர்மெஸ்டிஸ் வண்ட பத்தி. நம்ம ஊர் கருவாட்டு மூட்டைய அரிக்கிற முடிப்புழு இதோட புழுதான், யாவாரிங்களுக்கு பெரிய தலைவலி, ஆனா எலும்புல ஒட்டியிருக்குற சதைய தின்னு சுத்தம் பண்ணிக் குடுக்குறதால எங்க லேப்ல அதில்லாம ஒரு வேலையும் ஓடாது.

வெளியில ஒரு மிருகம் செத்தா மொதல்ல ஈப்புழு வந்து ஈரச்சதைய முடிச்சிரும், தோலும் ஜவ்வும் காஞ்சு எலும்போட ஒட்டிக்கிட்டு கெடக்குறப்பதான் இந்த வண்டுக்கு நேரம் வரும். அதனால லேப்லயும் பச்சக்கறிய அப்படியே போட்டா பூஞ்சதான் புடிக்கும், தோல உரிச்சு குடல எடுத்து ஃபேனுக்கு கீழ காயவெச்சுதான் வண்டுங்க இருக்குற தொட்டியில வைக்கணும். ரொம்ப வெறச்சுப் போச்சுன்னா அதையும் சீண்டாது, லேசா தண்ணி தெளிக்கணும். இந்தப் பதம் புடிபடவே ரொம்ப நாளாகும்.

தின்னுறதுல பெரும்பங்கு வண்டோட புழுங்கதான். உடம்பெல்லாம் பழுப்பு முடி, பின்பக்கம் ரெண்டு குட்டிக் கொம்பு, வெளிச்சம் பட்டதும் மண்டையோட்டுக்குள்ள ஓடிரும். 30 டிகிரி சூட்டுல தொட்டி நல்லா நடக்குறப்ப காது குடுத்தா பொரி பொரியுற மாதிரி சத்தம் கேக்கும். வௌவால் மூக்குக்குள்ள இருக்குற மெல்லிசு எலும்பெல்லாம் வேகவெச்சா தாங்காது, பல்லும் கழண்டு வந்துரும், இதுங்க கிட்ட விட்டா முழுசா கெடைக்கும். ஆனா கண்ணு வெச்சுக்கிட்டே இருக்கணும், விரல் எலும்ப கோத்து வெச்சிருக்குற ஜவ்வு மிச்சம் இருக்குறப்பவே எடுத்தாதான் கை கையா இருக்கும்.

வளந்த புழு கூட்டுப்புழுவாகுற சமயத்துல எதையாவது தொளச்சு உள்ள போயிரும், மரமானாலும் விடாது. வெளியில அப்படியே கெடந்தா மத்த புழுங்களே தின்னுரும். அதுக்காகவே தொட்டியில தெர்மாகோல் துண்டு போட்டு வைப்போம், சின்னச் சின்ன ஓட்டையா விழுந்திருக்குறத பாத்தா எனக்கு சந்தோஷமா இருக்கும், அடுத்த தலைமுறை தயார்னு அர்த்தம். உரிச்சுப்போட்ட தோல்ல இருக்குற முடி மூச்சுல போனா அலர்ஜி வரும், மாஸ்க் இல்லாம தொட்டிய கிளறவே கூடாது.

வண்டுங்க வெளிய தப்பிச்சுதுன்னா பாடம் பண்ணி வெச்சிருக்குற பறவைத்தோல், கம்பளம் எதையும் விட்டுவைக்காது. அதனால எங்க ரூம் சேகரிப்பு இருக்குற கட்டடத்துலேருந்து தள்ளி இருக்கு, சுத்தமான எலும்பும் நேரா அலமாரிக்குப் போகாது, ஃப்ரீசர்ல வெச்சு, வெளிய எடுத்து, திரும்பவும் ஃப்ரீசர்ல வெச்சு, ஒரு முட்டைகூட உயிரோட இல்லன்னு தெரிஞ்ச பொறவுதான் நம்பர் எழுதுவோம்.