பெயரில்லாத நாலு வீல்

போன மார்ச்சில் கோவென்ட்ரி பக்கம் ஒருவரிடம் 1974 மாடல் மினி கார் வாங்கினேன். வண்டியைவிட அதில் மாட்டியிருந்த அலாய் வீல்களைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசினார். அசல் மினிலைட்டாம் (பந்தயக் கார்களால் பேர்பெற்ற பழைய வீல் பிராண்டு), மெக்னீசியமாம். நானும் தலையாட்டினேன். விலையிலும் அது ஏறிவிட்டது.

வீட்டில் கழற்றிப் பார்த்தால் முன்னும் பின்னும் ஓர் எழுத்துகூட இல்லை. பத்து அங்குலம், எட்டு ஸ்போக். மினிலைட்டுக்கு எட்டுதான். ஆனால் அதைப் பார்த்து வார்த்தவர்களும் எட்டுதானே வைத்தார்கள்!

அடுத்து நட் துளைகளின் வட்டம் எவ்வளவு என்று பார்த்தேன். நாலு துளை வீலில் எதிரெதிர் துளைகளின் மையங்களுக்கு நடுவே அளந்தால் போதும். 101.6 மி.மீ., அதாவது 4 அங்குலம். மினிக்கு அதுதான், சரி. அகலத்தில் கோட்டைவிட்டேன். வெளி விளிம்போடு விளிம்பு டேப் பிடித்து 6 அங்குலம் என்று குறித்துக்கொண்டு, இரண்டு நாள் 6 அங்குல வீல் படங்களாகத் தேடினேன். டயரின் ஓரம் உட்காரும் இடங்களுக்கு நடுவேதான் அளக்க வேண்டும். டயரைக் கழற்றி அளந்தால் 5.

அப்புறம் வெனிகர். பின்பக்கம் காசளவு பெயிண்டைக் கையாலேயே சுரண்டினேன் (மெக்னீசியத் தூள் தீப்பிடிக்கும், கிரைண்டர் வேண்டாம்). ஒரு சொட்டு விட்டேன். மெக்னீசியமாக இருந்தால் உடனே நுரைக்கும். என் சொட்டு சும்மா கிடந்தது. குனிந்தபடியே ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். "வீலை ஊறுகாய் போடுறீங்களா?" என்றாள் மனைவி.

அலுமினியம். ஆனாலும் மனசு விடவில்லை. மினிலைட்டே பின்னாளில் அலுமினியத்திலும் வந்ததே!

நட் துளையில் விரல் விட்டபோதுதான் அந்த ஆசையும் போயிற்று. நான் முன்பு கையில் எடுத்துப் பார்த்த பழைய மினிலைட்டில் துளை நேர்க்குழாய் மாதிரி இருந்தது. வாஷரோடு குழல் வைத்த நட் அதற்குள் இறங்கும். இதில் வாய் கூம்பாக விரிந்திருக்கிறது. ஆனால் வண்டியில் மாட்டியிருந்ததோ அந்தக் குழல் நட்தான். வாஷர் கூம்பின் விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அந்த நிலையில்தான் மோட்டார்வேயில் எழுபது மைலில் ஓட்டி வந்திருக்கிறேன்.

யார் வார்த்தது என்பது இன்னும் தெரியவில்லை. 3/8 அங்குல யூஎன்எஃப் மரையில் (அங்குலக் கணக்கு நெருக்க மரை) கூம்பு நட் பதினாறு வாங்கி மாட்டியாயிற்று. பழைய நட்டுகள் ஷெட்டில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கிடக்கின்றன.