தெருவா, குடும்பமா: பிரித்தெடுக்கும் வேலை

வளரும் இடம் ஒரு பிள்ளையின் பிற்கால வருமானத்தை மாற்றுமா என்று ஆராய, ஒருவர் இன்று எங்கே குடியிருக்கிறார் என்பது உதவாது. எங்கே வளர்ந்தார் என்பதுதான் வேண்டும். பொருளாதார அறிஞர்கள் ராஜ் செட்டி, நேத்தனியல் ஹெண்ட்ரன் முதலியோர் அமெரிக்க சென்சஸ் பணியகத்தாருடன் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட ‘ஆப்பர்சூனிட்டி அட்லஸ்’ (எந்த வட்டாரத்தில் வளர்ந்த பிள்ளைகள் பின்னாளில் எப்படி இருக்கிறார்கள் என்று காட்டும் வரைபடத் தொகுப்பு) அதைப் பிடித்த விதம் எளிது. 1978 முதல் 1983 வரை பிறந்த சுமார் 2 கோடிப் பேரை, வரிப் படிவத்தில் அவர்களைத் தங்கள் பிள்ளைகளாகக் காட்டியவர்களோடு இணைத்தார்கள். 23 வயதுக்குள் எந்த வட்டாரத்தில் எத்தனை ஆண்டு இருந்தாரோ, அந்த அளவுக்கு அவர் அந்த வட்டாரத்தின் கணக்கில் சேர்வார். ஒரு வட்டாரத்தில் சராசரியாக 4,250 பேர்.

வருமானத்தை லாகரிதமாக மாற்றினால் பூஜ்ய வருமானக்காரர்கள் கணக்கிலிருந்தே விழுந்துவிடுவார்கள். அதனால் நூற்றுக்கு எத்தனையாவது இடம் என்ற வரிசைதான் தோது. பெற்றோருக்கு ஐந்தாண்டுச் சராசரி எடுக்க வேண்டும். ஓராண்டை மட்டும் பார்த்தால், அந்த ஆண்டு வேலை போன நடுத்தரக் குடும்பமும் ஏழையாகப் பதிவாகும். பிள்ளைகளின் வருமானத்தை முப்பது தாண்டியபின் அளப்பதே நல்லது. 23 வயதில் அளந்தால் மேற்படிப்பில் இருக்கும் வசதியான வீட்டுப் பையன் கடைச் சிப்பந்திக்குக் கீழே நிற்பான்.

இதெல்லாம் பொறுமை இருந்தால் முடிகிற காரியம். தலைவலி வேறு: நல்ல இடம் தேடிப் போகும் பெற்றோர் மற்ற விஷயங்களிலும் அக்கறை உள்ளவர்களாக இருக்கலாம். அப்போது பலன் தெருவுடையதா, குடும்பத்துடையதா? இதற்கு உடன்பிறந்தவர்களை ஒப்பிடுவதைவிடக் கெட்டிக்கார வழி குறைவு. குடும்பம் வேறு ஊருக்குப் போகும்போது அக்காவுக்கு 14, தம்பிக்கு 8 என்று வையுங்கள். 23 வயது வரை புது ஊரில் அவளுக்கு 9 ஆண்டு, அவனுக்கு 15. ஓராண்டு வாசம், இரண்டு ஊர்ப் பிள்ளைகளின் வருமான வரிசைக்கும் உள்ள இடைவெளியில் சுமார் 4% தருகிறது என்பது செட்டியும் ஹெண்ட்ரனும் கண்டது. இடைவெளி நூற்றுக்கு நூறு படியுள்ள அந்த வரிசையில் 5 படி என்றால், கூடுதல் 6 ஆண்டுக்குத் தம்பி சராசரியில் 1.2 படி மேலே நிற்க வேண்டும். பெற்றோர் இருவருக்கும் ஒன்றே என்பதால் குடும்பத்தின் நிலையான குணங்கள் கழிந்துவிடும். ஆனால் சம்பள உயர்வோ விவாகரத்தோ வந்த கையோடு வீடு மாறியிருந்தால் அது கழியாது. அதைத் தனியே சோதிக்க வேண்டும்.

குலுக்கல் சோதனையும் உண்டு. 1994–98-இல் ஐந்து அமெரிக்க நகரங்களில் 4,604 குடும்பங்களைக் கொண்டு நடந்தது ‘மூவிங் டு ஆப்பர்சூனிட்டி’: ஏழை வட்டாரத்திலிருந்து வசதியான வட்டாரத்துக்குக் குடிபோக, குலுக்கலில் வந்த குடும்பங்களுக்கு வாடகை உதவி கிடைத்தது. பெரியவர்களின் சம்பாத்தியம் அசையவில்லை என்றதும் பலர் திட்டம் தோல்வி என்றே முடிவு கட்டினார்கள். அவசரம். 13 வயதுக்குள் இடம் மாறிய பிள்ளைகள் வளர்ந்தபின் பார்த்தபோது, அந்த உதவி கிடைக்காத வீட்டுப் பிள்ளைகளைவிட வருமானம் 31% கூடியிருந்தது. அதற்கு மேற்பட்ட வயதில் மாறியவர்களுக்கு ஆதாயம் தெரியவில்லை.