பாலருவியில் ஒரு மக்ரூன் பொட்டலம்

நவம்பர் 20, வியாழன், இரவு. செங்கோட்டை

பை கட்டி முடிந்தது. மூன்று மாற்றுத்துணி, மாத்திரை டப்பா, இந்த நோட்டு, அப்புறம் தம்பி போன வாரம் தூத்துக்குடியிலிருந்து கொண்டுவந்த மக்ரூன் பொட்டலம். எர்ணாகுளம் போகிற பாலருவி எக்ஸ்பிரஸ் நள்ளிரவு தாண்டித்தான் வரும்.

அத்தை இன்றைக்கு மூன்றாவது தடவையாகக் கேட்டுவிட்டார்கள். "ஒத்தையிலயா போற? கேக்கு பாக்கதுக்கா அவ்ளோ தூரம்?"

"ஆமா அத்தை, கேக்கு பாக்கத்தான்."

ஏழு வருஷமாக வீட்டில் கேக் செய்து கொடுக்கிறேன். பிறந்தநாள், நிச்சயதார்த்தம், டிசம்பர் வந்தால் பிளம் கேக். தென்காசி வரைக்கும் போகிறது. ஆனால் நான் செய்த கேக்கில் ஒரு முழுத்துண்டை உட்கார்ந்து சாப்பிட்ட நினைவு எனக்கு இல்லை. மேல்பக்கம் மேடாக எழும்பினால் கத்தியால் சீவி மட்டம் செய்வோம், அந்தச் சீவல்தான் எனக்கு. அதை வைத்துத்தான் இனிப்பு சரியா, வெந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். இந்த நான்கு நாளும் யாரோ செய்ததை முழுசாக வாங்கி, சூட்டோடு, உட்கார்ந்து சாப்பிட வேண்டும். போவதற்கு அதுதான் முதல் காரணம்.

நவம்பர் 21, வெள்ளி. எர்ணாகுளம்

வண்டி நிறைய சாமிமார். மாலை போட்ட சின்னப் பையன் ஒருவன் என் காலடியில் இருமுடியைக் கட்டிக்கொண்டு தூங்கினான். ஆரியங்காவு தாண்டி பதிமூன்று கண் பாலம் வருவது தெரியும், இருட்டில் ஒன்றும் தெரியவில்லை, சக்கரச் சத்தம் மட்டும் மாறியது. 1904-இல் போட்ட பாதை இது. அன்றைக்கு எங்கள் ஊரும் திருவிதாங்கூர்தான். 1956 நவம்பர் 1-இல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஊர் வாசல் வளைவில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இன்னும் இருக்கிறது.

காலையில் நார்த் ஸ்டேஷனில் இறங்கி, அறையில் பையைப் போட்டுவிட்டு, எதிரே இருந்த சின்ன பேக்கரிக்குப் போனேன். முட்டை பப்ஸ், சாயா. பப்ஸைக் கையில் எடுத்ததும் மேலே உள்ள ஏடு நொறுங்கித் தட்டில் விழுந்தது. உள்ளே பாதி முட்டை, வெங்காயம் நன்றாகச் சிவக்க வதங்கி, மிளகு தூக்கலாக. எங்கள் ஊர் பப்ஸில் வெங்காயம் வெள்ளையாகவே இருக்கும், அவசரத்தில் இறக்கிவிடுவார்கள். வெங்காயத்துக்கு இன்னும் பத்து நிமிஷம் கொடுத்தால் பப்ஸே வேறு ஆகிவிடுகிறது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, நான் மட்டும். யாருக்கும் எடுத்து வைக்க வேண்டியது இல்லை. நிதானமாகச் சாப்பிட்டேன்.

மத்தியானம் பெரிய கண்ணாடிக் கடைகள் நாலைந்து ஏறி இறங்கினேன். குரோசான் நன்றாகத்தான் இருந்தது. நல்ல வெண்ணெய், ஏடு ஏடாகப் பிரிந்தது. ஆனால் மூன்று கடையிலும் ஒரே ருசி. ஒரு கடையில் 'வீட்டில் செய்தது' என்று எழுதி வைத்திருந்த பிளம் கேக்கை வாங்கினேன், எசன்ஸ் வாடை தொண்டையில் நின்றது. வீட்டில் கேக் செய்கிறவள் என்பதால் அந்த எழுத்து எனக்குக் கோபம் மூட்டியது. பழத்தை மாதக்கணக்கில் ஊறப்போட்டு, சீனியைக் கரியும் பக்குவத்துக்குக் காய்ச்சி, சரியான நொடியில் வெந்நீர் ஊற்றி, கையில் தெறித்து, அந்தக் கருப்பு நிறத்தை வாங்குகிறோம். அந்தக் கசப்பு இல்லாமல் பிளம் கேக் இல்லை. அதைப் பாட்டிலிலிருந்து ஊற்றிவிட்டு வீட்டுப் பெயரை எழுதக் கூடாது.

சாயங்காலம் கொச்சின் பேக்கரியில் ஒரு பிளம் கேக் வாங்கினேன். இதை வாங்காமல் ஊர் திரும்பக் கூடாது என்றுதான் வந்தேன். 1880-இல் தலச்சேரியில் ராயல் பிஸ்கட் ஃபேக்டரி ஆரம்பித்த மம்பள்ளி பாப்புவின் குடும்பத்து வழியில் வந்த கடை. நாகர்கோவில் டாப் பேக்கரியும் அதே குடும்பம்தான். சின்ன வயதில் மாமா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அங்கே ரொட்டி வாங்கியிருக்கிறோம், இந்தக் கதை எதுவும் அப்போது தெரியாது.

பாப்பு பர்மாவில் பிஸ்கட் செய்யக் கற்றவர். 1883-இல் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளித் துரை சீமையிலிருந்து வந்த கிறிஸ்துமஸ் கேக் ஒன்றைக் காட்டி, இதே மாதிரி செய்து தா என்றாராம். பிரெஞ்சு பிராந்தி சேர்க்க வேண்டும் என்பது துரையின் சொல். பாப்பு சேர்த்தது கொல்லாம்பழம் என்கிற முந்திரிப்பழத்திலும் கதலி வாழைப்பழத்திலும் இறக்கிய நாட்டுச் சரக்கு. துரை ருசி பார்த்துவிட்டு இன்னும் ஒரு டஜன் கேட்டாராம். தலச்சேரிக்காரர்கள் சொல்லிச் சொல்லி இந்தக் கதை கேரளம் முழுக்கத் தெரியும்.

அறையில் கேக்கை வெட்டி ஒரு முழுத்துண்டு தின்றேன். நடுத்துண்டு.

நவம்பர் 22, சனி. ஃபோர்ட் கொச்சி

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது.

காலை முதல் படகிலேயே போய்விட்டேன். வாட்டர் மெட்ரோ வந்த பிறகு எல்லாரும் அதில்தான் போகிறார்கள், எனக்கு சர்க்கார் போட்டே போதும் என்று தோன்றியது. பெண்கள் கூடையோடு, பள்ளிப் பையன்கள் சைக்கிளோடு. உப்புக்காற்றில் டீசல் வாசனை.

நான் தேடிப் போனது புரூடர். டச்சுக்காரர்கள் விட்டுப்போன ரொட்டி. மைதா, முட்டை, வெண்ணெய், சீனி, உலர்திராட்சை, கொஞ்சம் ஜாதிக்காய், ஈஸ்ட். கேக் மாதிரி உதிராது, ரொட்டி மாதிரி இழுக்கவும் செய்யாது, இரண்டுக்கும் நடுவில் நிற்கும். இங்கே உள்ள ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் ஈஸ்டருக்கும் விசேஷத்துக்கும் வேண்டும். நான் போன பழைய பேக்கரியில் பலகை கூட மங்கிப்போயிருந்தது. உள்ளே போர்மா. ரொட்டி சுடும் அடுப்பை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். செங்கல் குகை மாதிரி, வாய் சின்னது, உள்ளே ஆள் படுக்கிற நீளம்.

பார்க்கலாமா என்று கேட்டேன். மாஸ்டர் என் கையைப் பார்த்தார். மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்பு நாலு உண்டு, எல்லாம் ஓவன் கம்பி பட்டது. தன் கையை நீட்டிக் காட்டினார், அவருக்கு முழங்கை வரைக்கும். "வரூ சேச்சி" என்றார்.

அவர் வேலை செய்கிற விதத்தை அப்படியே எழுதி வைக்க வேண்டும். பிசைந்த மாவை முதலில் தொட மாட்டார், இரண்டு விரலால் லேசாகக் குத்திப் பார்ப்பார். குழி அப்படியே நின்றால் ஆயிற்று. மேலே எழும்பி வந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். கடிகாரம் பார்க்கவே இல்லை. அச்சு அலுமினியம், ஓரம் மடிப்பு மடிப்பாக, நடுவில் குழாய். வெண்ணெயை விரலால் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் தேய்க்கிறார். ஒரு மடிப்பு விட்டுப்போனால் கவிழ்க்கும்போது அந்த இடம் பிய்ந்துவிடும். பாதி அளவு மாவுதான் இடுகிறார், மீதி அதுவே நிரப்பிக்கொள்கிறது. நீளப் பலகையில் வைத்து உள்ளே தள்ளி, ஒரு வெட்டு வெட்டிப் பலகையை மட்டும் இழுத்துவிடுகிறார். அச்சு நின்ற இடத்திலேயே நிற்கிறது. நான் அதை ஆறு தடவை பார்த்தேன், ஆறு தடவையும் சத்தமே வரவில்லை. முந்தின நாள் ராத்திரி பதினோரு மணிக்கு வேலை தொடங்கியவர். அவர் வீட்டுக்குத் தூங்கப் போகும்போதுதான் ஊர் ரொட்டி வாங்க வருகிறது.

சூடாக ஒரு துண்டு. "பூவன்பழம் கூட்டிக் கழிக்கணும்" என்று கடைக்கார அம்மா ஒரு பழத்தையும் வைத்தார், சேர்த்துச் சாப்பிட வேண்டுமாம். நான் பையிலிருந்து மக்ரூனை எடுத்து நீட்டினேன். ஒருவரும் பார்த்ததில்லை. மாஸ்டர் ஒன்றை வாயில் போட்டுக் கரையவிட்டுக் கண்ணை மூடினார். "அண்டிப்பருப்பு?" என்றார், முந்திரிப்பருப்பைத்தான் அப்படிச் சொல்கிறோம். ஆமாம், அண்டிப்பருப்பும் சீனியும் முட்டை வெள்ளையும்தான், வேறொன்றும் கிடையாது. மாவு எங்கே என்று கேட்டார். மாவே இல்லை என்றதும் இன்னொன்று எடுத்துக்கொண்டார். வெள்ளைக்கருவைக் கவிழ்த்தாலும் விழாத பக்குவத்துக்கு அடித்து, பருப்புப் பொடியை நுரை அமுங்காமல் சேர்த்து, காகிதக் கூம்பில் பிழிந்து, மிதமான சூட்டில் நெடுநேரம் காயவிட வேண்டும் என்று கையால் காட்டினேன். எனக்கு அரைகுறை மலையாளம், அவருக்குத் தமிழ் புரியும், மீதியைக் கை பார்த்துக்கொண்டது.

படகுத்துறையில் உட்கார்ந்து யோசித்தேன். தூத்துக்குடி போர்ச்சுகீசியர் கையில் இருந்து 1658-இல் டச்சுக்காரரிடம் போனது. கொச்சி 1663-இல். இரண்டு துறைமுகத்துக்கும் அதே போர்ச்சுகீசியர், அதே டச்சுக்காரர். அங்கே ஒரு பண்டம் நின்றுவிட்டது, இங்கே ஒரு பண்டம் நின்றுவிட்டது. நான் ஏறி வந்த பாலருவி தூத்துக்குடியில் புறப்பட்டு இந்த ஊரைத் தொட்டுப் பாலக்காடு போகிற வண்டி.

மக்ரூன் சீமையில் பாதாம் பருப்பில் செய்வது. இங்கே அண்டிப்பருப்பு. அந்த மரத்தையும் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தவர்கள் பறங்கியரே, அதனால்தான் மலையாளத்தில் பறங்கியண்டி. பாப்புவின் கேக்கில் பிராந்திக்குப் பதில் போனதும் அதே மரத்தின் பழம். ஈஸ்ட் கிடைக்காத காலத்தில் ரொட்டிக்குக் கள் ஊற்றியிருக்கிறார்கள், கேரளத்தில் ஆப்பத்துக்கு இன்றும் ஊற்றுகிறார்கள். ஆரியங்காவு தாண்டினால் கள்ளுக்கடை, எங்கள் பக்கம் தடை, அதனால் எங்கள் ஆப்பத்துக்குத் தேங்காய்த் தண்ணீர். என் பாட்டி கடைசிவரைக்கும் விஸ்கோத்து என்றுதான் சொன்னாள். கேலி செய்திருக்கிறோம். அது போர்ச்சுகீசியச் சொல்லுக்கு பிஸ்கட்டை விடப் பக்கத்தில் நிற்கிற சொல். பாட்டியிடம் இதைச் சொல்லியிருக்கலாம்.

பிற்பகல் வெளி என்கிற இடத்து மைதானத்துப் பக்கம், துணி வெளுக்கிற தோபி கானாவுக்குப் போனேன். அங்கே தமிழ்க் குரல் கேட்டதும் கால் தானாக நின்றுவிட்டது. தலைமுறை தலைமுறையாக வெளுக்கிற வண்ணார் குடும்பங்கள். கரி இஸ்திரிப்பெட்டி போட்டுக்கொண்டிருந்த ஒரு அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த ஊரு?"

"செங்கோட்டைக்கா."

"அட, எங்க பாட்டிக்குக் கல்லிடைக்குறிச்சி. நான் போனதே கிடையாது. இரி, சாயா குடிச்சிட்டுப் போ."

சாயாவோடு தேங்காய் பன் வந்தது. விடியற்காலம் கல்லில் நிற்கப் போகிறவர்களுக்கு அடுப்பு மூட்ட நேரம் ஏது, ரொட்டிதான் அவர்களுக்குக் காலை ஆகாரம் என்றார். மாஸ்டரும் இவரும் ஒரே நேரத்தில் விழித்திருக்கிறவர்கள். கடைசி இரண்டு மக்ரூனையும் அவரிடம் கொடுத்தேன். ஒன்றைத் தின்றுவிட்டு, ஒன்றைப் பேத்திக்கு என்று முந்தானையில் முடிந்துகொண்டார்.

நவம்பர் 23, ஞாயிறு

மழை. பிராட்வே பூட்டிக் கிடந்தது, அச்சு வாங்கலாம் என்று நினைத்தது நடக்கவில்லை. அறையிலேயே இருந்து நேற்று எழுதியதைத் திருப்பி வாசித்தேன். சாயங்காலம் வண்டி.

நவம்பர் 24, திங்கள். செங்கோட்டை

வண்டி வந்து சேரும்போது விடியவே இல்லை. தம்பி பைக்கோடு நின்றான். அத்தை தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள்.

புரூடரில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். மெல்ல மென்று பார்த்துவிட்டு, "இது ரொட்டியா கேக்கா?" என்றார்கள். "ரெண்டும்தான் அத்தை." "நல்லாருக்கு. பாலில முக்கிக் குடு." முக்கிக் கொடுத்தேன். பல் இல்லாதவர்களுக்கு அதுதான் சரியான வழி, எனக்கு அது தோன்றவே இல்லை.

மத்தியானம் மாவு பிசைந்துவிட்டேன். அச்சு இல்லை. எவர்சில்வர் குழிப்பாத்திரத்தின் நடுவில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து, சுற்றிலும் வெண்ணெய் தடவி வைத்திருக்கிறேன். உலர்திராட்சை போதவில்லை, பாதிக்கு அண்டிப்பருப்பு போட்டிருக்கிறேன். வெளியே மலைக்காற்று, ஈரம், மாவு எழும்ப நேரமாகிறது. இரண்டு விரலால் குத்திப் பார்த்தேன். குழி மேலே வந்துவிட்டது.

இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். துண்டு போட்டு மூடி வைத்திருக்கிறேன். வெந்து வந்ததும் முதலில் நடுவில் வெட்டி, அத்தைக்கு ஒன்று, எனக்கு ஒன்று.