ஒரே மதிலுக்குள் இரண்டு குரோக்கள்

பிரான்சின் ஒயின் பகுதியான பர்கண்டியில் தாத்தா சொத்தைப் பாகம் பிரித்தது ஒயின் பாட்டில் வரை தெரியும். அங்குள்ள வோன் ரோமனே கிராமத்தின் குரோ குடும்பத்தில் மிஷேலும் ஆன் என்பவரும் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள். இருவருக்கும் குளோ வூஜோ என்ற திராட்சைத் தோட்டத்தின் மதிலுக்குள், கிராண் மோபெர்த்துயி பகுதியில்தான் திராட்சை.

நேற்று இருவரின் 1999 அறுவடை ஒயினையும் அருகருகே வைத்துக் குடித்தோம். இரண்டிலும் ஒயினின் விளிம்பு வயதேறி செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. மிஷேலுடையதில் ஓக் பீப்பாய் வாசனை இன்னும் விடவில்லை, பழம் தாராளம். ஆனுடையது முதலில் முகம் கொடுக்கவே இல்லை. அரை மணி கழித்து உலர்ந்த ரோஜா, ஈர மண், கொஞ்சம் காளான். விழுங்கிய பிறகும் நாக்கை விட்டுப் போகவில்லை. என் ஓட்டு ஆனுக்கே. நண்பர்கள் ஒப்பவில்லை, ஊற்றியதும் காலி செய்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

அடுத்துக் குடிக்க வேண்டியது, மிஷேலின் உடன்பிறந்த பெர்னாரின் பங்கில் விளைந்தது. அந்தப் பங்கு மதிலுக்குள் மேற்புறம், பக்கத்துத் தோட்டமான மியூசிஞியை ஒட்டி.